அமெரிக்க யூனிவர்சிட்டில வேலை பார்த்தா வெளிய பேசவே கூடாதா? தம்பிக்கு ஒரு நீளமான பதில்

தம்பி, உங்க கேள்விய முழுசா படிச்சேன். மத்தவங்களுக்கும் புரியணும்னு சுருக்கமா சொல்லிடறேன். ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டில ரிசர்ச் சயின்டிஸ்ட்டா எச்1பி விசால (வேலை கொடுக்கறவங்க ஸ்பான்சர் பண்ற வேலை விசா) சேர்ந்து கொஞ்ச மாசம்தான் ஆகுது, ஏரித் தண்ணில நச்சுப்பாசி வர்றது பத்தி வேலை, லோக்கல் பேப்பர் ரிப்போர்ட்டர் ஒருத்தங்க மெயில் போட்டு இந்த வருஷம் ஏன் இவ்ளோ பாசின்னு கேட்டிருக்காங்க, அதே வாரத்துல டீன் ஆபீஸ்ல இருந்து எல்லாருக்கும் ஒரு நினைவூட்டல் மெயில்: மீடியாக்காரங்க யார் கேட்டாலும் கம்யூனிகேஷன்ஸ் ஆபீஸ் வழியாத்தான் போகணும், யூனிவர்சிட்டி பேரு கெடற மாதிரி சோஷியல் மீடியால எதுவும் போடக் கூடாது. அதைப் பார்த்து பயந்துபோய், "அக்கா, பேச்சுரிமை நாடுன்னு சொன்னாங்களே, இங்கயும் வாயப் பொத்திக்கிட்டுதான் இருக்கணுமா, எக்ஸ் (ட்விட்டர்) அக்கவுண்டை அழிச்சுடவா"ன்னு கேட்டிருக்கீங்க.

அழிக்க வேணாம், ஏன்னு கீழ சொல்றேன். ஆனா அவசரப்பட்டு இன்னிக்கு ராத்திரியே அந்த ரிப்போர்ட்டருக்குப் பதில் தட்டி விடவும் வேணாம்.

மொதல்ல ஒண்ணு. டீன் அனுப்பின மெயில் வேற, யூனிவர்சிட்டி பாலிசி வேற. நம்ம ஆளுங்க நிறைய பேர் இங்கதான் மாட்டிக்கிறாங்க, மேல இருந்து மெயில் வந்துட்டா அதுதான் சட்டம்னு எடுத்துக்கறாங்க. யூனிவர்சிட்டிக்கு மேல இருக்கற நிர்வாகக் குழு, அதாவது போர்டு ஆஃப் ரீஜென்ட்ஸோ டிரஸ்டீஸோ, பாஸ் பண்ணின பாலிசின்னு ஒண்ணு இருக்கும், நம்பர் போட்டு வெப்சைட்லயே கிடக்கும், அப்புறம் ஃபேகல்டி (ஆசிரியர்ங்க) ஹேண்ட்புக், அப்புறம் ஸ்டாஃப் (மத்த ஊழியர்ங்க) ஹேண்ட்புக். அதெல்லாம் எடுத்துப் படிச்சா பெரும்பாலும் என்ன இருக்கும்னா, "யூனிவர்சிட்டி சார்பா" அறிக்கை விடறது கம்யூனிகேஷன்ஸ் ஆபீஸ் வேலை, ஆராய்ச்சி செய்றவங்க தங்களோட துறை பத்திப் பேசலாம், பேசினா அந்த ஆபீஸுக்கு ஒரு தகவல் சொன்னா நல்லது, இவ்ளோதான் இருக்கும். அதுல தப்பே இல்ல, யூனிவர்சிட்டி பேர்ல நீங்களும் நானும் அறிக்கை விட முடியாதுல்ல. ஆனா அதே விஷயம் டீன் ஆபீஸ்ல ஒரு அசோசியேட் டீன் கைல போய், ஹெச்ஆர் கைல போய், மெயிலா வெளிய வர்றப்போ "எல்லாரும், எல்லாத்துக்கும், முன்கூட்டியே அனுமதி"ன்னு ஆயிடுது. வேணும்னே பயமுறுத்தறாங்களா இல்ல சோம்பேறித்தனமா எழுதினதா, தெரியல, விளைவு என்னவோ ஒண்ணுதான், உங்கள மாதிரி புதுசா வந்தவங்க நிழலைப் பார்த்துப் பயப்படறாங்க. அதனால அந்த மெயில்ல எந்த பாலிசி நம்பர் சொல்லிருக்காங்கன்னு பாருங்க. நம்பரே இல்லேன்னா அதுவே ஒரு தகவல்தான்.

இப்ப பேச்சுரிமை விஷயம். இங்க வந்த புதுசுல எல்லாருமே ஃபர்ஸ்ட் அமெண்ட்மென்ட்னா, அதாவது பேச்சுரிமை தர்ற அரசியலமைப்புத் திருத்தம்னா, யாரும் நம்ம வாயை அடைக்க முடியாதுன்னு நினைச்சுக்குவோம். அது கவர்ன்மென்ட்டைத்தான் கட்டுப்படுத்தும். ஸ்டேட் யூனிவர்சிட்டி கவர்ன்மென்ட் கணக்குல வரும், அதனால உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு ஓரளவு இருக்கு. பிரைவேட் யூனிவர்சிட்டில வேலை பார்க்கற உங்க ஃப்ரெண்டுக்கு அது கிடையாது, அவருக்கு ஒப்பந்தம், ஹேண்ட்புக், அந்த ஸ்டேட் சட்டம், இதுங்கதான் துணை. ரெண்டு பேரும் ஒரே மாதிரி ட்வீட் போட்டா ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி நடக்காது. யாராவது "என் யூனிவர்சிட்டில ஒண்ணும் ஆகல, நீயும் பேசு"ன்னு சொன்னா மொதல்ல எந்த மாதிரி யூனிவர்சிட்டின்னு கேளுங்க.

ஸ்டேட் யூனிவர்சிட்டின்னாலும் "ஓரளவு"ன்னு ஏன் சொன்னேன்னா அதுக்கு ரெண்டு கேஸ் தெரிஞ்சிருக்கணும், வக்கீல் மாதிரி இல்ல, சும்மா கதை மாதிரி. இல்லினாய்ல பிக்கரிங்னு ஒரு ஸ்கூல் வாத்தியார், ஸ்கூல் போர்டு பணத்தை விளையாட்டுக்கு ஓவரா செலவு பண்ணுதுன்னு லோக்கல் பேப்பருக்கு லெட்டர் எழுதினாரு, வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க, 1968-ல சுப்ரீம் கோர்ட் அவரு பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. அரசு ஊழியரா இருந்தாலும் ஊருக்குப் பொதுவான விஷயத்தைப் பத்தி ஒரு குடிமகனா பேசினா அதுக்குப் பாதுகாப்பு உண்டு, நிர்வாகம் ஒழுங்கா நடக்கறதுக்கு எவ்ளோ இடைஞ்சல்ங்கறதையும் தராசுல வச்சுப் பார்க்கணும்னு சொன்னாங்க. இது வரைக்கும் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் 2006-ல கார்செட்டி கேஸ். லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு அரசு வக்கீல், போலீஸ் கொடுத்த வாரண்ட் பேப்பர்ல பொய் இருக்குன்னு மேலதிகாரிக்கு மெமோ எழுதினாரு, அதனால தன்னை ஓரங்கட்டினாங்கன்னு கேஸ் போட்டாரு. 5-க்கு 4-ன்னு தீர்ப்பு: வேலையோட பகுதியா பேசினதுக்கு, எழுதினதுக்கு ஃபர்ஸ்ட் அமெண்ட்மென்ட் பாதுகாப்பு கிடையாது. யோசிச்சுப் பாருங்க, எதைப் பத்தி உங்களுக்கு நல்லாத் தெரியுமோ அதைப் பத்திப் பேசினாத்தான் ஆபத்துங்கற மாதிரி ஆயிடுச்சு. அதே கேஸ்ல எதிர்த்து எழுதின நீதிபதி சூட்டர், அப்ப யூனிவர்சிட்டி புரொஃபசர்ங்க கதி என்னன்னு கேட்டாரு, பாடம் நடத்தறது, ஆராய்ச்சி, இதுக்கெல்லாம் இந்த விதி பொருந்துமாங்கறதை இப்ப முடிவு பண்ணலன்னு பெரும்பான்மை நீதிபதிங்க தள்ளி வச்சுட்டாங்க. சுப்ரீம் கோர்ட் இன்னும் அதை முடிச்சு வைக்கல. சில அப்பீல் கோர்ட்டுங்க மட்டும், பாடத்துக்கும் ஆராய்ச்சி எழுத்துக்கும் அது பொருந்தாதுன்னு சொல்லிருக்கு, கலிஃபோர்னியா பக்கம் இருக்கற ஒன்பதாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் 2014-ல அப்படித்தான் சொல்லுச்சு. அதனால நீங்க எந்த ஸ்டேட்ல இருக்கீங்கங்கறதும் முக்கியம்.

உங்க வேலைக்கு ரொம்பப் பக்கத்துல ஒரு கேஸ் இருக்கு, அதைச் சொல்லாம விட மாட்டேன். லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டில இவோர் வான் ஹீர்டன்னு ஒருத்தர், சவுத் ஆப்பிரிக்கால இருந்து வந்தவர், ஹரிக்கேன் சென்டர்ல டெபுடி டைரக்டர், டென்யூர் (சுலபமா தூக்க முடியாத நிரந்தரப் பதவி) கிடையாது. 2005-ல கத்ரீனா வந்து நியூ ஆர்லியன்ஸ் முழுகினப்போ, இது புயல் மட்டும் இல்ல, ராணுவத்தோட இன்ஜினியர் கோர் கட்டின தடுப்புச் சுவருங்க டிசைன் தப்புனு டிவில, பேப்பர்ல வெளிப்படையா சொன்னாரு. ஃபெடரல் ஃபண்டிங் கெட்டுப் போயிடும்னு யூனிவர்சிட்டி மேலிடம் பிரஸ்கிட்ட பேசாதீங்கன்னு அவருகிட்ட சொன்னாங்கங்கறது அவரோட குற்றச்சாட்டு. அவரு சொன்ன விஷயம் பின்னாடி சரின்னு ஆச்சு, இன்ஜினியர் கோரே 2006-ல தங்க வடிவமைப்புல கோளாறு இருந்ததை ஒத்துக்கிட்டாங்க. ஆனாலும் 2009-ல அவரோட கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அவரு கேஸ் போட்டாரு, யூனிவர்சிட்டி 2013-ல 4,35,000 டாலர் கொடுத்து செட்டில் பண்ணுச்சு. ஜெயிச்சாருன்னு சொல்லலாம், ஆனா வேலை திரும்பி வரல, இடைல எத்தனை வருஷம் போச்சு பாருங்க. கோர்ட்ல ஜெயிக்கறதும் வேலைல இருக்கறதும் வேற வேற, அதுவும் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்காம விடறதுங்கறது நிர்வாகத்துக்கு ரொம்ப சுலபமான வழி, காரணமே சொல்ல வேணாம்.

எல்லாத்துலயும் இப்படியேதான் முடியும்னு இல்ல. 2021-ல ஃப்ளோரிடா யூனிவர்சிட்டில மூணு அரசியல் அறிவியல் புரொஃபசர்ங்க, ஸ்டேட் புதுசா போட்ட வோட்டிங் சட்டத்தை எதிர்த்து நடந்த கேஸ்ல நிபுணர் சாட்சியா போக அனுமதி கேட்டாங்க. ஸ்டேட்டுக்கு எதிரா போறது யூனிவர்சிட்டி நலனுக்கு எதிரா போற மாதிரின்னு மறுத்துட்டாங்க. விஷயம் பேப்பர்ல வந்து நாடே பேச ஆரம்பிச்சதும் சில நாள்லயே பின்வாங்கினாங்க, 2022 ஜனவரில ஃபெடரல் ஜட்ஜ் அந்த பாலிசிக்கே தடை போட்டாரு. அவங்க மூணு பேரும் டென்யூர் உள்ள புரொஃபசர்ங்க, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

"யூனிவர்சிட்டி பேரு கெடற மாதிரி"ன்னு உங்க மெயில்ல இருக்கே, அந்த மாதிரி வார்த்தைதான் எனக்கு எப்பவுமே உறுத்தும். எது பேரைக் கெடுக்கும், யாரு முடிவு பண்றது? 2013-ல கான்சஸ்ல ஒரு ஜர்னலிசம் புரொஃபசர் துப்பாக்கி சங்கத்தைத் திட்டி ரொம்பக் கடுமையா ஒரு ட்வீட் போட்டாரு, லெஜிஸ்லேச்சர்ல இருக்கறவங்க குதிச்சாங்க, ரீஜென்ட்ஸ் உடனே எல்லா ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கும் சேர்த்து ஒரு சோஷியல் மீடியா பாலிசி கொண்டு வந்தாங்க. யூனிவர்சிட்டியோட நலனுக்கு எதிரா இருந்தாலோ, கூட வேலை பார்க்கறவங்க இணக்கத்தைக் கெடுத்தாலோ டென்யூர் இருந்தாலும் வேலைய விட்டுத் தூக்கலாம்னு. கூட வேலை பார்க்கறவங்க இணக்கம்! ஒரு டிபார்ட்மென்ட் மீட்டிங்ல உக்காந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், அப்படி ஒண்ணு இருந்தாத்தானே கெடுக்கறதுக்கு. ஆசிரியர்ங்க பெருசா எதிர்த்தாங்க, 2014 மே மாசம் அகடமிக் ஃப்ரீடம் பத்திச் சில வரிங்க சேர்த்து மாத்தினாங்க, ஆனா பழைய சங்கதி பாதிக்கு மேல அப்படியே இருந்துச்சு. இந்த மாதிரி விதிய வச்சு உண்மையா தூக்கறது கம்மி. ஆனா தெளிவில்லாம இருக்கறதாலயே வேலை செய்யும், நிர்வாகம் ஒருத்தரையும் ஒண்ணும் பண்ண வேணாம், எல்லாரும் தானாவே ரெண்டு அடி தள்ளி நின்னுக்குவாங்க. ஊர்ல அரசு ஊழியர் நடத்தை விதில, சர்க்கார் கொள்கைய விமர்சிக்கக் கூடாதுன்னு பச்சையா எழுதியே வச்சிருப்பாங்க. இங்க எழுத மாட்டாங்க, உங்களையே யூகிக்க விட்டுடுவாங்க.

ஏன் இப்படிப் பண்றாங்கன்னா, பெரும்பாலும் ஏதோ ஒரு ஃபோன் காலுக்குப் பயந்துதான். டோனர் ஃபோன் பண்ணுவாரு, இல்ல பட்ஜெட் நேரத்துல ஒரு செனட்டர் ஆபீஸ்ல இருந்து வரும். இது இன்னிக்கு நேத்து சமாச்சாரம் இல்ல. 1900-ல ஸ்டான்ஃபோர்ட்ல எட்வர்ட் ராஸ்னு ஒரு புரொஃபசரை, யூனிவர்சிட்டியோட சொந்தக்காரம்மா மாதிரி இருந்த ஜேன் ஸ்டான்ஃபோர்ட் சொல்லி வெளிய அனுப்பினாங்க. அதுல கோபப்பட்டு ராஜினாமா பண்ணினவங்கள்ல லவ்ஜாய்னு ஒருத்தர், அவரும் ஜான் டூயியும் சேர்ந்து 1915-ல ஆரம்பிச்சதுதான் ஏஏயுபி, அமெரிக்கப் பேராசிரியர்ங்க சங்கம். இதுல நமக்குத்தான் ஒரு கூத்து இருக்கு: அந்த ராஸ் பேசினது என்னன்னா ஆசியாக்காரங்களை இந்த நாட்டுக்குள்ள விடக்கூடாதுன்னு. நம்மள மாதிரி ஆளுங்க வரவே கூடாதுன்னு சொன்ன மனுஷனை வேலைய விட்டுத் தூக்கினதுல இருந்துதான், இன்னிக்கு நாம பேசறதுக்கு இருக்கற பாதுகாப்போட ஒரு பகுதி வந்துச்சு. சிரிக்கறதா அழறதா தெரியல.

அந்தச் சங்கத்தோட 1940 அறிக்கை ரொம்ப முக்கியம், நிறைய யூனிவர்சிட்டி ஹேண்ட்புக்ல அதை அப்படியே எடுத்துப் போட்டிருப்பாங்க. ஒரு ஆசிரியர் குடிமகனா பேசறப்போ நிறுவனம் தணிக்கையோ தண்டனையோ பண்ணக் கூடாது, அதே நேரம் அவரும் சரியான தகவலா பேசணும், நிதானமா இருக்கணும், நிறுவனத்துக்காகப் பேசலன்னு தெளிவுபடுத்தணும், இதுதான் சாராம்சம். உங்க ஹேண்ட்புக்ல இது இருக்கான்னு தேடுங்க. இருந்தா அது உங்களுக்கும் பொருந்துமான்னும் பாருங்க, ஏன்னா ரிசர்ச் சயின்டிஸ்ட் பதவி சில இடத்துல ஃபேகல்டி கணக்கு, சில இடத்துல ஸ்டாஃப் கணக்கு. இந்த ஒரு விஷயம் பல பேருக்குத் தன்னோட கேஸ்லயே தெரியாது, ஆஃபர் லெட்டரை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். ஸ்டாஃப்னா பெரும்பாலும் அட்-வில் வேலை, காரணம் சொல்லாமலே அனுப்பலாம், அகடமிக் ஃப்ரீடம்னு எழுதினதுல பாதி உங்களுக்கு இல்ல.

எப்படி நடக்கும்னு கிட்ட இருந்து பார்த்தது ஒண்ணு சொல்றேன். எங்க பக்கத்து லேப்ல ஒருத்தங்க, உங்க துறைதான், பேப்பருக்கு ஒரு கட்டுரை எழுதினாங்க. 2014 ஆகஸ்ட்ல ஒஹாயோல டொலீடோ ஊர்ல ஈரி ஏரிப் பாசி நச்சு குடிதண்ணில கலந்து கிட்டத்தட்ட அரை மில்லியன் ஜனம் குழாயைத் திறக்க முடியாம போச்சு இல்லையா, அதை வச்சு ஆரம்பிச்சு, வயல்ல இருந்தும் மாட்டுப் பண்ணைல இருந்தும் ஓடி வர்ற பாஸ்பரஸ்தான் முக்கியக் காரணம்னு எழுதிருந்தாங்க. மரியாதைக்குக் கம்யூனிகேஷன்ஸ் ஆபீஸுக்கு ஒரு காப்பி அனுப்பினாங்க. ரெண்டு நாள் கழிச்சு ட்ராக் சேஞ்ச்ல செவப்பு செவப்பா திரும்பி வந்துச்சு. "முக்கியக் காரணம்"ங்கறது "பல காரணங்களில் ஒன்றாக இருக்கலாம்"னு ஆயிருந்துச்சு. "மாட்டுப் பண்ணை" காணவே காணோம். ஓரத்துல ஒரு கமெண்ட், "இந்தப் பத்தி தேவையா? செஷன் முடியற வரைக்கும் காத்திருக்கலாமே". செஷன்னா ஸ்டேட் லெஜிஸ்லேச்சர் பட்ஜெட் செஷன். ஒரு வார்த்தை கூட "தடை"ன்னு இல்ல, எல்லாமே கேள்விக்குறியோட, ரொம்ப மரியாதையா. அவங்க என்ன பண்ணினாங்கன்னா, நன்றின்னு ஒரு வரி பதில் போட்டு, ஸ்பெல்லிங் திருத்தினதை மட்டும் ஏத்துக்கிட்டு, கீழ "இது என் சொந்தக் கருத்து, யூனிவர்சிட்டியின் கருத்து அல்ல"ன்னு சேர்த்து அப்படியே பேப்பருக்கு அனுப்பிட்டாங்க. வந்துச்சு. ஒண்ணும் நடக்கல. டிபார்ட்மென்ட் தலைவர் மட்டும் காரிடார்ல பார்த்து "நான் இன்னும் படிக்கல"ன்னு சொல்லிட்டுப் போனாரு, படிச்சிருப்பாருன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அவங்க டென்யூர் வாங்கினவங்க, பொறந்ததும் இங்கதான். அதே வேலைய நீங்க அதே மாதிரி செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன்.

கம்யூனிகேஷன்ஸ் ஆபீஸ்ல இருக்கறவங்களை வில்லனா நினைக்காதீங்க, பாதிப் பேர் முன்னாடி பேப்பர்ல வேலை பார்த்தவங்க, நீங்க சொல்றதை வெளிய கொண்டு போகத்தான் அவங்களுக்கும் ஆசை. ரிப்போர்ட்டர் எப்படி, எந்தக் கேள்வில மடக்குவாங்கன்னு நல்லாவே சொல்லித் தருவாங்க. அவங்க தலைமேல இருக்கற ஆளுங்கதான் வேற.

இப்ப விசா. இதைத்தான் எல்லாரும் சுத்தி வளைச்சுப் பேசுவாங்க, நான் நேரா சொல்றேன். உங்க யூனிவர்சிட்டி பாலிசி உங்களை எவ்ளோ கட்டுப்படுத்துதுங்கறதை விட, வேலை போனா என்ன ஆகும்ங்கறதுதான் உங்க கணக்கு. எச்1பி-ல வேலை போனா அதிகபட்சம் 60 நாள் டைம், அதுக்குள்ள வேற எம்ப்ளாயர் பெட்டிஷன் போடணும், இல்ல வேற ஸ்டேட்டஸ், இல்ல கெளம்பணும். யூனிவர்சிட்டி எச்1பி கேப் (வருஷத்துக்கு இவ்ளோ விசாதான்ங்கற வரம்பு) கணக்குல வராது, அதனால லாட்டரி இல்லாம வந்திருப்பீங்க, ஆனா கம்பெனிக்கு மாறணும்னா லாட்டரில போய் நிக்கணும், அப்ப 60 நாள்ல இன்னொரு யூனிவர்சிட்டியோ அந்த மாதிரி ரிசர்ச் நிறுவனமோதான் கெடைக்கணும். ஏற்கனவே கம்பெனில லாட்டரில வந்துட்டு மாறினவங்களுக்கு இந்தத் தலைவலி இல்ல.

சட்டப்படி இந்த நாட்டுல இருக்கற வெளிநாட்டுக்காரங்களுக்கும் பேச்சுரிமை உண்டு, 1945-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, 2025 செப்டம்பர்ல பாஸ்டன்ல ஃபெடரல் ஜட்ஜ் ஒருத்தர் ஏஏயுபி போட்ட கேஸ்ல அதையே அழுத்தமா திரும்பச் சொன்னாரு. ஆனா அந்தத் தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 2025 மார்ச்ல டஃப்ட்ஸ் யூனிவர்சிட்டி பிஎச்டி மாணவி ருமெய்சா ஓஸ்டுர்க், மாணவர் பேப்பர்ல வேற சில பேரோட சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினதுக்காக விசாவை ரத்து பண்ணி, தெருவுல வச்சுப் பிடிச்சு லூசியானா வரைக்கும் கொண்டு போய் ஆறு வாரம் உள்ள வச்சிருந்தாங்க. அதுல அவங்க யூனிவர்சிட்டி அவங்களுக்கு ஆதரவா கோர்ட்ல எழுதிக் கொடுத்துச்சு. அதாவது நிர்வாகம் உங்க பக்கம் நின்னாலும் விசா கை வேற இடத்துல இருக்கு. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க, டீன் மெயிலைப் பார்த்து விசாவுக்குப் பயப்படறதும் தப்பு, டீன் ஓகே சொல்லிட்டாருன்னு விசா பத்தி மறந்துடறதும் தப்பு.

அக்கவுண்டை அழிக்க வேணாம்னு சொன்னது இதுக்குத்தான். விசா ஃபார்ம்ல கடைசி 5 வருஷத்துல யூஸ் பண்ணின சோஷியல் மீடியா பேரெல்லாம் கேக்கறாங்க, அழிச்சாலும் எழுதித்தான் ஆகணும், மறைச்சா அதுதான் பெரிய பிரச்சனை. 2025 டிசம்பர்ல இருந்து எச்1பி-க்கும் அவங்க குடும்பத்துக்கான எச்4-க்கும் ப்ரொஃபைலைப் பப்ளிக்கா வைக்கச் சொல்றாங்க. ஸ்டாம்பிங் (பாஸ்போர்ட்ல விசா குத்தி வாங்க) போறதுக்கு முன்னாடி அவசரமா துடைச்சு வச்ச அக்கவுண்ட் நல்லா இருக்காதுன்னுதான் நான் பார்த்த இமிக்ரேஷன் வக்கீலுங்க சொல்றாங்க. பழசை அப்படியே விடுங்க, இனிமே போடறதை யோசிச்சுப் போடுங்க. நாடே கொந்தளிச்சுக் கிடக்கற நாள்ல ஒண்ணும் போடாதீங்க. 2025 செப்டம்பர்ல வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கிர்க் கொலைக்கு அப்புறம் ஃபேஸ்புக்ல எழுதினதுக்கு எத்தனை பேருக்கு வேலை போச்சு, சவுத் டகோட்டா யூனிவர்சிட்டில டென்யூர் உள்ள ஆர்ட் புரொஃபசரையே தூக்கறதா நோட்டீஸ் கொடுத்தாங்க, அவரு போஸ்ட்டை எடுத்துட்டு மன்னிப்பு கேட்டும் கொடுத்தாங்க, ஃபெடரல் ஜட்ஜ் தடை போட்ட பிறகுதான் யூனிவர்சிட்டி இறங்கி வந்துச்சு. அவருக்கு வக்கீல் வச்சுப் போராட நேரம் இருந்துச்சு, நாள் எண்ணிக்கிட்டு இருக்கற விசாக்காரங்களுக்கு அது இல்ல.

நடுவுல இன்னொண்ணு, "நிறுவன நடுநிலை"ன்னு இப்ப எல்லா யூனிவர்சிட்டியும் பேசறாங்க. 1967-ல சிகாகோ யூனிவர்சிட்டில கால்வென் அறிக்கைன்னு வந்தது, யூனிவர்சிட்டிங்கற நிறுவனம் அரசியல் விஷயத்துல கருத்து சொல்லக் கூடாது, ஏன்னா உள்ள இருக்கற ஆசிரியர்ங்களும் மாணவர்களும் சுதந்திரமா சொல்றதுக்கு அப்பத்தான் இடம் இருக்கும்னு. ஹார்வர்ட் 2024-ல கிட்டத்தட்ட இதே மாதிரி முடிவு எடுத்துச்சு. கொள்கையா எனக்கு இது பிடிக்கும். கீழ இறங்கி வர வர ஆள் ஆளுக்கு அர்த்தத்தை நீட்டிடறாங்க, பிரசிடென்ட் பேசக் கூடாதுன்னு இருந்தது டிபார்ட்மென்ட் வெப்சைட்ல போடக் கூடாதுன்னு ஆகி, கடைசில உங்க ஆபீஸ் கதவுல ஒட்டின காகிதத்தைக் கிழிக்கச் சொல்ற வரைக்கும் வருது. நடுநிலைங்கற பேர்ல யாராவது உங்களைப் பேசாதேன்னு சொன்னா, அந்த அறிக்கை சொன்னதுக்கு நேர் எதிர் அது.

சில பழக்கம் இன்னிக்கே ஆரம்பிச்சுடுங்க. யூனிவர்சிட்டி மெயில்ல சொந்த அபிப்பிராயம் எழுதாதீங்க, ஸ்டேட் யூனிவர்சிட்டி மெயில் பப்ளிக் ரெக்கார்ட்ஸ் சட்டத்துல வரும், யாரு வேணா கேட்கலாம். 2011-ல விஸ்கான்சின்ல வில்லியம் குரோனன்ங்கற வரலாற்றுப் புரொஃபசர் ஒரு பிளாக் போஸ்ட் எழுதினதும், அந்த ஸ்டேட் ரிபப்ளிகன் கட்சி அவரோட யூனிவர்சிட்டி மெயிலைக் கேட்டு ரிக்வெஸ்ட் போட்டாங்க. சிட்டி கவுன்சில்லயோ ஸ்டேட் கமிட்டிலயோ போய்ப் பேசறதா இருந்தா அன்னிக்கு லீவு போட்டுட்டுப் போங்க, சொந்த லேப்டாப், சொந்த மெயில். எங்க லைப்ரரி ஸ்டாஃப் ஒருத்தர் பஸ் ரூட்டை நிறுத்தக் கூடாதுன்னு சிட்டி கவுன்சில்ல பேசினாரு, மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டு என்ன பேசினன்னு கேக்கல, "நேத்து மூணு மணிக்கு லீவு போட்டிருந்தியா"ன்னுதான் கேட்டாரு. போட்டிருந்தாரு, அதோட முடிஞ்சுது. பேசினதுக்குப் பிடிக்க முடியாதுன்னா நேரத்துக்கு, பிரிண்டர் பேப்பருக்குப் பிடிப்பாங்க. எலெக்‌ஷன்ல யாருக்காவது ஆதரவா எழுதினா யூனிவர்சிட்டி பேரு, லோகோ, பதவி எதையும் கொண்டு வராதீங்க.

சம்பளம் பத்திப் பேசக் கூடாதுன்னு யாராவது சொன்னா கண்டுக்காதீங்க, ஸ்டேட் யூனிவர்சிட்டி சம்பளம் நிறைய ஸ்டேட்ல ஆன்லைன்லயே தேடலாம், உங்க டீன் சம்பளத்தையும் பார்க்கலாம், பார்த்தா ஒரு நாள் மனசு கஷ்டப்படும். பிரைவேட்ல இருக்கற சாதாரண ஸ்டாஃபுக்கு ஃபெடரல் தொழிலாளர் சட்டமே சம்பளம், வேலை நிலைமை பத்திப் பேசிக்கற உரிமையைக் கொடுக்குது. சாப்பாட்டு நேரத்துல மேனேஜர் வந்து ஷ்ஷ்னு சொன்னா அவருக்குத்தான் அந்தச் சட்டம் தெரியல.

வாய்மொழியா யாராவது "நீ இதைப் பேசாம இருக்கறது நல்லது"ன்னா சண்டை போடாதீங்க, அன்னிக்கு சாயங்காலமே ஒரு மெயில்: "காலைல நீங்க சொன்னதை நான் இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன், எந்த பாலிசின்னு சொன்னா படிச்சுப் பார்த்துக்கறேன்". பணிவா, ரெண்டே வரி. எழுத்துல பதில் கேட்டதும் பல பேர் "அப்படி இல்ல, ஜஸ்ட் ஒரு ஆலோசனைதான்"னு இறங்கிடறதை நான் நிறையப் பார்த்திருக்கேன். ஃபேகல்டி செனட், ஸ்டாஃப் கவுன்சில், யூனியன் இருந்தா யூனியன், அங்க ஒரு ஆளையாவது பேரு சொல்லி வணக்கம் சொல்ற அளவுக்குப் பழகி வச்சுக்கோங்க. நம்ம ஆளுங்க இதுல எல்லாம் சேரவே மாட்டாங்க, பிரச்சனை வந்தப்புறம்தான் ஆபீஸ் எங்க இருக்குன்னு தேடுவாங்க.

அப்ப ரிப்போர்ட்டருக்கு என்ன? அவங்க டெட்லைன் என்னிக்குன்னு மட்டும் கேட்டு இன்னிக்கு ஒரு வரி போடுங்க, அது பேட்டி கிடையாது. நாளைக்குக் காலைல உங்க பிஐ-கிட்ட (ஆராய்ச்சித் திட்டத்தோட தலைவர்) சொல்லுங்க, கிராண்ட் அவரு பேர்ல இருக்கு, அவரு பேப்பரைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறது அழகில்ல. கம்யூனிகேஷன்ஸ் ஆபீஸுக்குத் தகவல் சொல்லுங்க, அனுமதி கேக்கற மாதிரி எழுதாம "இந்தப் பேப்பர்ல இருந்து கேட்டிருக்காங்க, வெளியான என் ஆராய்ச்சிக் கட்டுரை பத்தி வியாழக்கிழமை பேசப் போறேன், உங்க உதவி இருந்தா நல்லது"ன்னு. அங்க இருந்து வேணாம்னு வந்தா, முதல் வருஷத்துல, எச்1பி-ல, ஸ்டாஃப் பதவில இருக்கறப்போ நான்னா மோத மாட்டேன், ரிப்போர்ட்டருக்கு அந்த வெளியான கட்டுரையோட லிங்க்கை அனுப்பி, டென்யூர் உள்ள ஒருத்தர் பேரைக் கொடுத்துடுவேன். விஷயமும் வெளிய போகும், நீங்களும் இருப்பீங்க. கோழைத்தனம்னு யாராவது சொன்னா சொல்லிட்டுப் போகட்டும், கிரீன் கார்டு வந்தப்புறம் உங்களுக்குப் பேச நிறைய நாள் இருக்கு, பாசியும் எங்கயும் போயிடாது. பேசலாம்னு வந்தா, உங்க டேட்டா எது வரைக்கும் சொல்லுதோ அது வரைக்கும் பேசுங்க, ஸ்டேட் கவர்ன்மென்ட் என்ன பண்ணணும்னு கேட்டா "அது நான் ஆராய்ச்சி பண்ணின விஷயம் இல்ல"ன்னு சொல்லிடுங்க.

அந்த மெயில்ல பாலிசி நம்பர் ஏதாவது இருந்தா அந்த வாசகத்தை மட்டும் இங்க போடுங்க, யூனிவர்சிட்டி பேரும் டீன் பேரும் வேணாம். அப்படியே உங்க ஆஃபர் லெட்டர்ல ஃபேகல்டின்னு இருக்கா ஸ்டாஃப்னு இருக்கான்னும் பார்த்துச் சொல்லுங்க, அது தெரியாம இதுக்கு மேல சொன்னா நானும் டீன் மாதிரி பொத்தாம்பொதுவா சொல்ற மாதிரி ஆயிடும்.